சகலையின் வால்வுப் பெட்டி

கண்ணாடிக்காரருக்குப் பொதுவாக யார் மீதும் பொறாமை கிடையாது. எதிர்க்கடைக்காரர் மாடி எழுப்பியபோது போய்ப் பார்த்துவிட்டு, படிக்கட்டு அம்சமாக அமைந்திருக்கிறது என்று மனதாரச் சொல்லிவிட்டு வந்தவர். கூடப் படித்தவன் பெரிய பதவிக்குப் போனபோது ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டவர். அப்படிப்பட்ட மனிதருக்கு ஒரே ஒரு ஆள் விஷயத்தில் மட்டும் வயிறு எரியும். அந்த ஆள் அவருடைய சகலை, அதாவது மனைவியின் தங்கை புருஷன். சகலையிடம் கிட்டார் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கிற ஒரு பெட்டி, ஒரு ஆம்ப்ளிஃபையர் இருந்தது. அதுதான் காரணம். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ஆம்ப்ளிஃபையரைச் சகலையின் தலையில் கட்டியதே இவர்தான்.

இரண்டு பேரும் ஒரே குழுவில் கிட்டார் வாசிக்கிறவர்கள். குழு என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். விருந்து, விழா, யாராவது ஓய்வு பெறுகிற நிகழ்ச்சி என்று கூப்பிட்டால் போவார்கள். மற்ற நாட்களில் இவர் கடையில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடி விற்பார். சகலை ஒரு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கின் மேல் பாதத்தை வைத்துக்கொண்டு, அடுத்தவர்கள் வண்டியை அணைத்து அணைத்து எடுப்பதைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை பொறுமையாகப் பார்க்கிற உத்தியோகம். டிரம்ஸ் வாசிப்பவரை எல்லோரும் இடி என்று கூப்பிடுவார்கள். அவர் வாசித்துக் கேட்டவர்களுக்கு அந்தப் பெயருக்கு விளக்கம் தேவைப்படாது.

பெட்டி கண்ணாடிக்காரரிடம் முதலில் வந்தபோது அவர் தலைகால் புரியாமல்தான் ஆடினார். வால்வு ஆம்ப். அந்தக் கால ரேடியோக்களில் இருக்குமே, கண்ணாடிக் குழாய்கள், சுவிட்சைப் போட்டதும் மெதுவாகச் சிவந்து சூடேறுமே, அந்த இனம். பழுப்புத் தோல் போர்த்திய உடம்பு, முன்பக்கம் கோணித் துணி மாதிரி ஒரு துணி. ஒரு பக்கத் துளையில் கிட்டார் ஒயரைச் செருகினால் மணி மாதிரி துல்லியமான சத்தம், பெடலை மிதித்தால் உறுமல். தாலாட்டும் வாசிக்கலாம், கூரை அதிரவும் வாசிக்கலாம். வீட்டில் சத்தத்தைக் குறைத்து வாசிக்க வேண்டுமா, அதற்கும் பின்பக்கம் ஒரு குட்டி சுவிட்ச். எந்தப் பாட்டுக்கும் எந்த இடத்துக்கும் முகம் சுளிக்காமல் வளைந்து கொடுக்கிற பெட்டி. அதைத்தான் இவர் ஒரு வருடம் வைத்திருந்துவிட்டு, நடுச் சத்தம் கொஞ்சம் மூக்கால் பேசுகிறது என்று கண்டுபிடித்தார். மனைவிக்கு மூக்கும் தெரியவில்லை, பேச்சும் தெரியவில்லை. இவர் காதுக்கு மட்டும் தெரிந்தது. தெரிந்த பிறகு அதைத் தவிர வேறு எதுவுமே கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மச்சினிக்குக் கல்யாணமாகிப் புதிதாகச் சகலை வந்து சேர்ந்தார். கிட்டார் வாசிப்பார், ஆனால் சொந்தமாகப் பெட்டி இல்லை. இவர் பெருந்தன்மையோடு தோளில் கை போட்டு, "நம்ம வீட்டுப் பிள்ளை நீங்க, எடுத்துக்கங்க" என்று தள்ளிவிட்டார். தள்ளிவிட்ட கையோடு தனக்கு இன்னும் பெரிதாக, இன்னும் பிரமாதமாக ஒன்று வாங்கினார்.

அதிலிருந்து கண்ணாடிக்காரர் எத்தனை பெட்டி மாற்றியிருப்பார் என்று அவருக்கே கணக்கில்லை. ஒன்று மிகவும் பளபளப்பாகப் பேசியது. ஒன்று போர்வைக்குள்ளிருந்து பேசியது. ஒன்றில் குறையே கண்டுபிடிக்க முடியவில்லை, அதனாலேயே சந்தேகம் வந்து விற்றார். வாங்கும்போது, இனி ஆயுசுக்கும் இதுதான் என்பார். அவர் மனைவி எதுவும் சொல்லாமல் பெட்டி வந்த அட்டையை மடித்துப் பரண்மேல் வைப்பாள். திருப்பி அனுப்ப உதவும் என்று அவளுக்குத் தெரியும்.

சகலையோ கொடுத்ததை வாங்கிக்கொண்டு போனவர் போனவர்தான். வருடங்கள் ஓடின. சகலைக்குத் தலை நரைத்தது, மகள் பிறந்து பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள், வீடு இரண்டு தடவை மாறியது. பெட்டி மாறவில்லை. நிகழ்ச்சிக்குக் கிளம்பும்போது சகலை அதைக் கார் டிக்கியில் வைக்க மாட்டார். டிரைவிங் ஸ்கூல் காரின் முன்சீட்டில் உட்காரவைத்து, சீட் பெல்ட்டும் மாட்டிவிடுவார். கூரைமேல் 'பழகுநர்' என்ற பலகையோடு, பக்கத்தில் ஒரு பழுப்புப் பெட்டி பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்க, அவர் பாட்டுக்கு விசில் அடித்துக்கொண்டு வருவார். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். கண்ணாடிக்காரருக்குச் சிரிப்பு வராது.

சகலை வீட்டுக்குச் சாப்பிடப் போவதுதான் பெரிய தண்டனை. கூடத்தில், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் பெட்டி இருக்கும். சாப்பிட்டு முடித்ததும் சகலை அதைப் போட்டுவிட்டு, அது சூடேறும் வரை மகளுக்குப் பென்சில் சீவிக் கொடுத்துக்கொண்டிருப்பார். பிறகு எடுத்து வாசிப்பார். பெரிய வித்தை எல்லாம் கிடையாது. விரல் வேகத்தில் கண்ணாடிக்காரர் அவரைத் தூக்கிச் சாப்பிடுவார், அதை ஊரே ஒப்புக்கொள்ளும். ஆனால் சகலை ஒரு சுரத்தைத் தொட்டு அப்படியே நிற்க விடுவார். அது அறை முழுக்க நிரம்பி, மெதுவாகக் கனிந்து அடங்கும். அடுப்படியில் அக்காளும் தங்கையும் பேசிக்கொண்டிருந்த பேச்சு நின்றுவிடும். தன் வீட்டில் தான் வாசிக்கும்போது மிக்ஸிகூட நிற்பதில்லை என்பது கண்ணாடிக்காரருக்கு அப்போதெல்லாம் ஞாபகத்துக்கு வரும்.

ஒரு தடவை மழைக்காலத்தில் போனபோது பெட்டியின் பின்பக்கம் ஏதோ தொங்கியது. குனிந்து பார்த்தார். குழந்தையின் சாக்ஸ்.

"என்ன சகலை இது?"

"நாளைக்கு ஸ்கூலுக்கு வேணுமாம். வெயில் இல்லையே. இதுல அரை மணி நேரம் வாசிச்சா காஞ்சிடும்."

கண்ணாடிக்காரருக்கு ரத்தம் கொதித்தது. தன்னுடைய பெட்டி. தான் தேடித் தேடி வாங்கிய பெட்டி. அதில் சாக்ஸ் காயப்போடுகிற ஆளுக்கு அந்தச் சத்தம் வருகிறது, காற்று படாமல் துணி போர்த்தி வைக்கிற தனக்கு வரவில்லை. இது எந்த ஊர் நியாயம் என்று அவர் வழியெல்லாம் மனைவியிடம் பொருமிக்கொண்டு வந்தார்.

"சாக்ஸ் காஞ்சுதா?" என்று மட்டும் அவள் கேட்டாள்.

அவரும் சும்மா இருக்கவில்லை. சகலையின் மனதில் ஒரு சின்ன விரிசலாவது விழுந்துவிட்டால் போதும், அதில் கடப்பாரையை விட்டு நெம்பிப் பெட்டியைத் திரும்பப் பிடுங்கிவிடலாம் என்பது அவர் திட்டம். ஒத்திகையில் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, "அடிச்சத்தம் கொஞ்சம் தளர்ந்து போச்சோ?" என்பார்.

"அப்படியா இருக்கு?" என்று சகலை ஒரு தந்தியைத் தட்டிப் பார்ப்பார். "எனக்கு நல்லாத்தான் கேக்குது."

"உங்களுக்குப் பழகிடுச்சு, அதான். புதுசு ஒண்ணு வந்திருக்கு, வீடியோ அனுப்பறேன் பாருங்க."

சகலை பார்ப்பார். உண்மையாகவே முழுவதையும் பார்ப்பார். "பிரமாதமா இருக்கு சகலை. வாங்கிடுங்க, உங்களுக்குப் பொருத்தமா இருக்கும்" என்று பதில் வரும். பிடியே கொடுக்க மாட்டார். இதில் கொஞ்சமாவது நடிப்பு இருந்தால் கண்ணாடிக்காரர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

ஒரு விழாவில் நடுப்பாட்டில் பெட்டி புஸ்ஸென்று அணைந்தது. அந்தக் கணத்தில் கண்ணாடிக்காரரின் நெஞ்சுக்குள் ஒரு குதி குதித்த சந்தோஷத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லக்கூடியதும் இல்லை. மேடையில் யாரோ வாழ்த்துரை பேச ஆரம்பித்தார்கள். சகலை காரிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய ஒரு வால்வைக் கொண்டுவந்தார். சூடான பழையதைத் துணியால் பிடித்துக் கழற்றிப் புதியதைச் செருகினார். வாழ்த்துரை முடிவதற்குள் பெட்டிக்கு உயிர் வந்துவிட்டது. "பாவம், அதுவும்தான் எவ்வளவு உழைக்கும்" என்று அதன் தலையில் தட்டிக் கொடுத்தார். அன்று கண்ணாடிக்காரர் இரண்டு பாட்டுகளில் தப்பு விட்டார்.

இந்த நேரத்தில் அவருடைய தொழிலைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கண் பரிசோதனையில் அவர் கெட்டிக்காரர். நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு வில்லையைப் போட்டு, "இது தெளிவா?" என்பார். மாற்றி, "இல்ல, இது தெளிவா?" என்பார். சில பேர் இருக்கிறார்கள், எதைப் போட்டாலும் திருப்தி வராது. அவர்களுக்கு அவர் ஒரு வேலை செய்வார். போட்ட வில்லையை எடுத்துவிட்டு, அதே வில்லையைத் திரும்பப் போட்டு, "இது?" என்பார். "ஆங், இதுதான் நல்லா இருக்கு" என்று நிம்மதியாக எழுந்து போவார்கள். அவர்கள் போன பிறகு அவர் தனக்குள் சிரித்துக்கொள்வார். மனிதர்களின் கண்ணை நம்பக் கூடாது என்பது அவர் கட்சி. காதைப் பற்றி, குறிப்பாகத் தன் காதைப் பற்றி, அவருக்கு அப்படி ஒரு சந்தேகமும் இருந்ததில்லை.

குழு ஒத்திகை பார்க்கிற இடம் ஒரு டயர் கடையின் மாடி. எப்போதும் ரப்பர் நாற்றம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்ணாடிக்காரர் தன் புதுப் பெட்டியோடு வந்திருந்தார். அதுவும் வால்வுப் பெட்டிதான், வந்து சில வாரம்தான் ஆகிறது, அதற்குள் கசந்துவிட்டது. சகலை அப்போதுதான் பெல்ட்டைக் கழற்றித் தன்னுடையதைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தார். அதை ஒரு பழைய பனியன் துணியால் துடைத்து வைத்ததைப் பார்த்ததும் கண்ணாடிக்காரருக்கு எங்கிருந்தோ ஆத்திரம் வந்துவிட்டது.

"அது உண்மையில என் பெட்டி" என்றார்.

"ஆமா, நீங்க குடுத்ததுதானே" என்றார் சகலை.

"அதைச் சொல்லல. அதோட குரல் எனக்குத்தான் தெரியும். கண்ணைக் கட்டி விட்டாலும் எது அது, எது வேறன்னு சொல்லிடுவேன்."

இடி சும்மா இருக்கலாம். அவர் வாய் சும்மா இருக்காது. "சொல்லிட்டா?" என்றார்.

"சொல்லிட்டா அது எனக்கு. என் புதுசு அவருக்கு."

சகலையின் முகம் மாறி அன்றுதான் கண்ணாடிக்காரர் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்று, கை தன்னையறியாமல் பெட்டியின் கைப்பிடிக்குப் போனது. மகளைப் பள்ளிக்கூட வாசலில் விடும்போது பிடித்திருப்பாரே, அப்படி ஒரு பிடி. கண்ணாடிக்காரருக்கு அதைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். அவருக்கு ருசியாக இருந்தது. ஒருவழியாக விரிசல் விழுந்துவிட்டது.

"விளையாட்டுக்குச் சொல்றீங்களா சகலை?"

"நிஜமாத்தான் சொல்றேன். ஏன், பயமா?"

 குடும்பத்தில் மூத்த மாப்பிள்ளை, அதுவும் இடி முன்னால் கேட்டுவிட்டார், சகலையால் மறுக்க முடியாது. "சரி" என்றார் கடைசியில். பெட்டியைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

ஏற்பாடுகளைக் கண்ணாடிக்காரரே சொன்னார், அது அவர் தொழில் அல்லவா. அறையின் குறுக்கே ஒரு போர்வையைக் கட்டினார்கள். போர்வைக்கு அந்தப்பக்கம் இரண்டு பெட்டிகள், சகலை, இடி. கிட்டாரிலிருந்து வரும் சத்தத்தை இந்தப் பெட்டிக்கும் அந்தப் பெட்டிக்கும் மாற்றிவிட ஒரு கால்சுவிட்ச், அதிலிருந்து இரண்டு ஒயர். ஒயர்களைச் செருகியது இடி. வாசிப்பது சகலை, இரண்டிலும் ஒரே ராகம், ஒரே அளவு சத்தம். இந்தப்பக்கம் கண்ணாடிக்காரர் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். தன் கடையில் மற்றவர்கள் உட்காருகிற மாதிரியே.

"ஒண்ணு" என்றார் இடி. சகலை வாசித்தார். சுமார்தான். பளபளப்பு இருக்கிறது, பாசம் இல்லை.

"ரெண்டு." சுவிட்ச் டக்கென்றது. சகலை வாசித்தார். கண்ணாடிக்காரரின் உடம்பு சிலிர்த்துவிட்டது. அதே கனிவு. சுரம் எழுந்து நின்று, தயங்கி, கரைந்தது. இத்தனை வருடமாகத் தன்னைத் தூங்கவிடாமல் செய்த குரல்.

"இன்னொரு தடவை" என்றார். மறுபடியும் ஒன்று. மறுபடியும் இரண்டு. சந்தேகமே இல்லை. அவருக்குக் கண்ணில் நீர்கூட வந்துவிட்டது.

"ரெண்டாவதுதான் என் பெட்டி" என்றார். அதோடு விட்டிருக்கலாம். முதலாவதற்கு உடம்பு இருக்கிறது உயிர் இல்லை, இரண்டாவதில் மரம் பேசுகிறது, வருடங்கள் பேசுகின்றன என்று ஒரு சொற்பொழிவே ஆற்றினார்.

போர்வைக்குப் பின்னால் ஒயர் உரசுகிற சத்தம் கேட்டது. ஏதோ குசுகுசுத்தார்கள்.  இடி, "அது வந்து..." என்று இழுப்பது கேட்டது.

"ரெண்டாவதுதான் சகலை" என்றது சகலையின் குரல். "நீங்க ஜெயிச்சிட்டீங்க. இடி, நீ அந்த ஒயரைச் சுத்தி வை."

கண்ணாடிக்காரர் போர்வையை விலக்கிக்கொண்டு போனார். நேரே பழுப்புப் பெட்டியிடம் போய், காணாமல் போன பிள்ளை கிடைத்த மாதிரி அதன் தலையில் உள்ளங்கையை வைத்தார்.

சில்லென்று இருந்தது.

வால்வுப் பெட்டி நான்கு பாட்டு வாசித்தாலே சூடாகிவிடும். அதில் சாக்ஸ் காயும். இது சில்லென்று இருந்தது. முன்பக்கத்தில் எரிய வேண்டிய சிவப்பு விளக்கு எரியவில்லை. பிளக் போர்டில் பாதிதான் நுழைந்திருந்தது. கையை நீட்டிப் பக்கத்திலிருந்த தன் புதுப் பெட்டியைத் தொட்டார். சுட்டது. அதன் முன்னால் இரண்டு துளைகள் உண்டு. இரண்டிலும் ஒவ்வொரு ஒயர் செருகியிருந்தது. இடி இன்னும் ஒயரைச் சுற்ற ஆரம்பிக்கவில்லை.

அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒன்றும் அதுதான், இரண்டும் அதுதான். தான் கசந்துபோய் விற்க இருந்த பெட்டியைக் கேட்டுத்தான் தனக்குக் கண்ணீர் வந்திருக்கிறது. அதே வில்லையை இரண்டாம் தடவை போட்டதும், இதுதான் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகிற ஆட்களில் தானும் ஒருவன். அவமானத்தில் காது மடல் சுட்டது.

இந்த இடத்தில் ஒரு நல்ல மனிதர் என்ன செய்வார்? தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பார். இடியை நாலு திட்டு திட்டுவார். நடந்ததைச் சொல்லிவிட்டுப் பெட்டியைச் சகலையிடமே விட்டுவிடுவார். கண்ணாடிக்காரருக்கும் அது தெரியும். ஆனால் கைப்பிடி கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. 

"அப்ப நான் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டார்.

சகலை குனிந்து பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார். "எடுத்துக்கங்க" என்றார். படியிறங்கிக் கொண்டுபோய் அவரே கண்ணாடிக்காரரின் காரில் வைத்தார். முன்சீட்டில். பெல்ட்டையும் மாட்டினார்.

வீட்டில் பெட்டியைப் பார்த்ததும் மனைவி கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். "அவரா குடுத்தாரு?"

"பந்தயத்துல ஜெயிச்சேன்."

"நல்லது" என்றாள். அந்த ஒரு சொல்லில் எவ்வளவு விஷம் வைக்க முடியுமோ அவ்வளவையும் வைத்தாள். இந்தத் தடவை மடித்துப் பரண்மேல் வைக்க அட்டை இல்லை என்பதுதான் வித்தியாசம்.

முதல் சில நாட்கள் பரவாயில்லை. கடையைச் சாத்திவிட்டு ஓடி வந்து வாசிப்பார். தோலைத் தடவிப் பார்ப்பார். பின்பக்கம் ஒரு ஓரத்தில் சாக்ஸ் நூல் ஒன்று ஆணியில் மாட்டிக்கொண்டு கிடந்தது. அதை எடுத்து எறிந்தார். ஒரு வாரத்தில் நடுச் சத்தம் மறுபடியும் மூக்கால் பேச ஆரம்பித்தது. குமிழ்களைத் திருகினார். இடத்தை மாற்றினார். சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார். அது சுவரைப் பார்த்துக்கொண்டு மூக்கால் பேசியது.

இதற்கிடையில் அடுப்படியில் மனைவி தங்கையோடு போனில் பேசுவது காதில் விழும். "அப்படியா? தூங்கறதுக்கு முன்னாடிகூடவா? சரி சரி, குழந்தைக்குப் பிடிச்சிருக்கில்ல" என்பாள். என்ன என்று கேட்க இவருக்கு மானம் இடம் கொடுக்காது. கேட்காமல் இருக்க வயிறு இடம் கொடுக்காது. கடைசியில் மானம்தான் தோற்கும்.

"என்னவாம்?"

"ஒண்ணுமில்ல. புதுப் பெட்டியோட அவருக்கு ஒரே கொஞ்சலாம்."

அடுத்த மாதம் சகலை குடும்பத்தோடு சாப்பிட வந்தார். சாப்பிட்டு முடித்துக் கூடத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். பழுப்புப் பெட்டி ஜன்னலோரம் இருந்தது. அதைப் பார்த்து சகலையின் முகம் வாடுகிறதா என்று கண்ணாடிக்காரர் ஓரக்கண்ணால் கவனித்தார். வாடவில்லை. பழைய சிநேகிதரை வழியில் பார்த்தது போல மலர்ந்தது.

"வாசிங்க சகலை. கேக்கணும்போல இருக்கு."

கண்ணாடிக்காரர் வாசித்தார். தெரிந்த வித்தைகளை எல்லாம் காட்டினார். சகலை சோபாவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். உதட்டோரம் லேசான சிரிப்பு. தன் கையை விட்டுப் போன பொருள், இன்னொருவர் கையில், இன்னொருவர் வீட்டில் ஒலிக்கிறது. இந்த மனிதர் வெயிலில் காய்கிற பூனை மாதிரி அதை அனுபவித்துக்கொண்டிருக்கிறார். சகலை வீட்டில் உட்கார்ந்து தான் கேட்டதையெல்லாம் கண்ணாடிக்காரர் நினைத்துப் பார்த்தார். ஒரு நாளாவது இப்படிக் கேட்டதுண்டா? பல்லைக் கடித்துக்கொண்டு அல்லவா கேட்டோம். இப்படிக் கேட்கக்கூட இந்த ஆளுக்குத்தான் கொடுத்துவைத்திருக்கிறது. அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேண்டுமென்றே நாலு சுரத்தை அபஸ்வரமாக இழுத்தார்.

சகலை ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "தப்பா வாசிச்சாலும் இதுல நல்லாத்தான் இருக்கு."

கண்ணாடிக்காரர் கிட்டாரைக் கீழே வைத்தார். "அன்னைக்கு உங்க பெட்டிக்குக் கரண்டே போகல" என்றார். மன்னிப்புக் கேட்கிற குரலில் அல்ல, சண்டைக்குக் கூப்பிடுகிற குரலில். "ரெண்டு ஒயரும் என்னுதுலதான் இருந்துது. எனக்குத் தெரியும்."

"தெரியும்" என்றார் சகலை.

"என்ன தெரியும்?"

"உங்களுக்குத் தெரியும்னு தெரியும். கையை வெச்சுப் பாத்தீங்களே."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

"அப்புறம் எதுக்கு நான் ஜெயிச்சேன்னு சொன்னீங்க?"

"இடி ஒயரைத் தப்பாச் செருகினது நீங்க சொல்லி முடிச்சப்புறம்தான் எங்களுக்கே தெரிஞ்சுது. அவன் முன்னாடி உங்களுக்கு அசிங்கமாயிடக் கூடாதேன்னு சொன்னேன். நீங்களே வந்து பாத்துட்டு சிரிச்சிடுவீங்க, அதோட முடிஞ்சிடும்னு நினைச்சேன்." சகலை சோபாவின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே பேசினார். "கை வெச்சுப் பாத்தீங்க. சில்லுனு இருந்திருக்கும். பாத்துட்டும் எடுத்துக்கட்டுமான்னு கேட்டீங்க. அவ்வளவு வேணுமா இந்த மனுஷனுக்குன்னு இருந்துச்சு. சரி, வெச்சுக்கட்டும்னு விட்டுட்டேன். காரை எடுத்துட்டு வீட்டுக்குப் போறப்ப பக்கத்து சீட்டைப் பாக்க முடியல, அது வேற விஷயம்."

கண்ணாடிக்காரருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அடுத்தவர்களின் கண்ணையே பார்த்துப் பிழைக்கிற மனிதர், தரையைப் பார்த்தார். சகலை கோபப்பட்டிருந்தால் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பார், அதில் அவருக்குப் பழக்கம் உண்டு. சகலை கோபப்படவில்லை. 

"எடுத்துட்டுப் போயிடுங்க" என்றார் கடைசியில். "இன்னைக்கே. நானே கார்ல கொண்டுவந்து வெச்சிடறேன்."

சகலை பழுப்புப் பெட்டியைப் பார்த்தார். எழுந்து போய் அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார்.

"வேணாம் சகலை. இருக்கட்டும். முதல் வாரம் சொல்லியிருந்தீங்கன்னா ஓடி வந்திருப்பேன். இப்ப அது கைக்கு வந்துடுச்சு."

"எது?"

"உங்களுது. அந்தப் புதுசு."

கண்ணாடிக்காரர் நிமிர்ந்தார். கேட்கக் கூடாது என்று நினைத்தார். இவ்வளவு நடந்த பிறகு கேட்பது மனிதனுக்கு அழகில்லை என்றும் நினைத்தார்.

"எப்படி வருது அதுல?" என்றார்.

சகலையின் முகம் மலர்ந்தது. சோபாவின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்துகொண்டார். நடுக்குமிழை எல்லாரும் பாதியில் வைக்கிறார்கள், அதை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டால் ஒரு இடம் வருகிறது, அங்கே ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்தினால் போதும், மகள் வீட்டுப்பாடத்தை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிடுகிறாள் என்று கைகளை ஆட்டி ஆட்டிச் சொல்லத் தொடங்கினார். அவர் சொல்லச் சொல்லக் கண்ணாடிக்காரருக்கு வயிறு மெதுவாக எரிய ஆரம்பித்தது.